படகில் ஒட்டிய கண்ணாடித் துணி வெள்ளை பூத்து உரிகிறது: சிலேன் தடவினால் பிடிக்குமா?

நாகை_ஃபைபர்

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு இங்கே ஃபைபர் படகுகள் பெருகியபோது வேலை கற்றுக்கொண்டவன். ரெசின் (இழைமேல் ஊற்றிக் கெட்டிப்படுத்தும் பிசின்), மேட் (கண்ணாடி இழைத் துண்டுகளைப் பரப்பிய விரிப்பு), ரோலர் எல்லாம் கைப்பழக்கம். வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி.

போன ஐப்பசியில் ஒரு படகின் அடிப்பக்கத்துக்கும், பின்னால் என்ஜின் மாட்டும் பலகைக்கும் புதிதாக அடுக்குப் போட்டேன். பாதி வேலையில் ரோவிங், அதாவது படகுக்குப் போடும் தடித்த கண்ணாடி இழைத் துணி, தீர்ந்துவிட்டது. கடையில் சரக்கு இல்லை. "இதுவும் கண்ணாடித் துணிதான், பாதி விலை" என்று வெள்ளை வெளேர் என்று நெருக்கமாக நெய்த ஒரு ரோலைக் கொடுத்தார்கள். பாய்லர் பைப்புக்குச் சுற்றுகிற துணி என்று அப்புறம்தான் தெரிந்தது. ரெசின் அதில் இறங்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. ஆனால் காய்ந்தபின் கல் மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் தண்ணீரில் ஓடிய படகு இப்போது திரும்பி வந்திருக்கிறது. அந்தத் துணி போட்ட இடமெல்லாம் நெசவு அப்படியே வெள்ளையாகத் தெரிகிறது. தட்டினால் பொத்தென்று சத்தம். ஸ்குரூடிரைவர் முனையை விட்டு நெம்பினேன், அட்டை மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இழை ரெசினே படாதது போல மொரமொரவென்று இருக்கிறது. பக்கத்தில் அதே நாள், அதே டப்பா ரெசினில், மேட் வைத்துப் போட்ட இடம் அசையவே இல்லை.

தெரிந்தவர் ஒருவர், "சிலேன் என்று ஒரு மருந்து இருக்கிறது, கண்ணாடியில் தடவினால் ரெசின் விடாமல் பிடிக்கும்" என்கிறார். அது என்ன? எப்படிப் பிடிக்கிறது? உரிந்த இடத்தில் தடவி மறுபடி ஒட்டலாமா? படகுக்காரர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அந்தப் படகை நம்பி நாலு குடும்பம் இருக்கிறது.

மணல்வீடு

ஐப்பசி மழை ஈரம்தான் காரணம். துணி ஈரத்தை இழுத்திருக்கும், ரெசினைக் கெட்டிப்படுத்தும் கேட்டலிஸ்டும் குறைவாகப் போயிருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து மேலே இன்னொரு கோட் ரெசின் கொடுங்கள்.

சைசிங்_அக்கா

தம்பி, மேலே ரெசின் அடிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரே ரெசின், ஒரே கேட்டலிஸ்ட், ஒரே நாள், ஒரே மழை. மேட் பிடித்தது, துணி பிடிக்கவில்லை. அப்படியென்றால் குற்றம் ரெசினிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. அந்தக் கண்ணாடி இழையின் மேல் என்ன பூசியிருந்தது என்பதுதான் விஷயம்.

நான் ஒரு கண்ணாடி இழை ஆலையில் 22 வருடம் சைஸ் கலக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சைஸ் என்றால் அளவு இல்லை, இழைக்குப் பூசும் பூச்சு. சுமார் 1,250 டிகிரியில் உருகிய கண்ணாடி, பிளாட்டினம்-ரோடியம் தட்டின் நுண்துளைகள் வழியே இறங்கும்போது அதை வேகமாக இழுத்து இழையாக்குவார்கள். ஓர் இழை பத்துப் பதினைந்து மைக்ரான் தடிமன். அந்த இழை கீழே சுருளில் போய்ச் சேர்வதற்கு முன்பே ஈர உருளை ஒன்றை உரசிக்கொண்டு போகும். அங்கேதான் சைஸ் ஏறுகிறது. பூச்சு இல்லாத இழைகள் ஒன்றோடொன்று உரசித் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்ளும். அதனால் கண்ணாடி இழை பிறக்கும்போதே சட்டையோடுதான் பிறக்கிறது.

அந்தச் சட்டை யாருக்காகத் தைத்தது என்று கேட்க வேண்டும். தறியில் ஓட வேண்டிய நூலுக்கு ஸ்டார்ச்சும் எண்ணெயும் பூசுவது நெடுநாள் வழக்கம். நூல் அறாமல் ஓடும், நெசவாலைக்கு அது போதும். பைப்புக்குச் சுற்றுகிறவருக்கும் அது போதும். ரெசினுக்குப் போகும் இழைக்கு வேறு பூச்சு. அதில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் படலம் கட்டும் பொருள், கொஞ்சம் வழுவழுப்புக்கு, அப்புறம் மிகச் சிறிதளவு சிலேன். நீங்கள் வழக்கமாக வாங்கும் மேட்டிலும் ரோவிங்கிலும் சிலேன் ஏற்கனவே இருக்கிறது. இத்தனை வருடமாக நீங்கள் சிலேனோடுதான் வேலை செய்திருக்கிறீர்கள். போன ஐப்பசியில்தான் முதல்முறையாக அது இல்லாமல் செய்தீர்கள்.

இப்போது அது பிடிக்கும் விதம். சிலேன் மூலக்கூறுக்கு இரண்டு முனை. நடுவில் ஒரு சிலிக்கான் அணு. அதன் ஒரு பக்கம் மூன்று மெத்தாக்சி கொத்துகள், சிலவற்றில் எத்தாக்சி. மறுபக்கம் மூன்று கார்பன் நீளத்தில் ஒரு சின்னக் கை, அதன் நுனியில் ரெசினோடு சேரக்கூடிய கொத்து. உங்கள் பாலியெஸ்டர் ரெசினுக்கு ஏற்றது மெத்தாக்ரைலேட் நுனி. எபாக்சிக்கு எபாக்சி நுனியோ அமீன் நுனியோ போடுவார்கள். நுனி மாறினால் சிலேனின் வேலையே மாறிவிடும். "சிலேன் ஒரு கிலோ கொடுங்கள்" என்று கேட்பது "கலவைக்குப் பொடி கொடுங்கள்" என்று கேட்பது மாதிரி. எந்த ரெசினுக்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் பட்டதும் அந்த மூன்று மெத்தாக்சியும் மெத்தனாலாகப் பிரிந்து போய், அந்த இடத்தில் மூன்று ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கொத்து) வந்து உட்காரும். எங்கள் தொட்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீரில் அசிட்டிக் அமிலம் விட்டு பி.எச். 4 ஆக்கி, கலக்கிக்கொண்டே சிலேனை மெல்ல ஊற்றுவோம். முதலில் எண்ணெய்த் துளி மாதிரி மிதக்கும். அரைமணி, முக்கால் மணி நேரத்தில் துளிகள் கரைந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அந்தத் தெளிவு வரும்வரை அடுத்த பொருளைச் சேர்க்க நான் யாரையும் விட்டதில்லை. மறுபடி கலங்கினால் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து பெருத்துவிட்டன என்று அர்த்தம். அந்தத் தொட்டி அவ்வளவுதான். ஒருமுறை இரவு ஷிப்டில் கலங்கிய தொட்டியை "வடிகட்டிவிட்டால் போதும்" என்று ஓட்டிவிட்டார்கள். அன்று ஓடிய இழை முழுவதும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. அது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

சரி, இனி கண்ணாடியின் பக்கம். கண்ணாடியின் மேற்பரப்பும் வெறுமையாக இல்லை, அங்கேயும் சிலிக்கானில் ஹைட்ராக்சில் முளைத்து நிற்கிறது. சிலிக்காவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: ஒரு சதுர நானோமீட்டருக்கு ஏறக்குறைய 5. சிலேனின் ஹைட்ராக்சில் முதலில் இதை ஹைட்ரஜன் பிணைப்பால் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். அடுப்பில் உலரவைக்கும்போது இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்று உறுதியாக இணைந்துவிடும். மூன்று ஹைட்ராக்சிலும் கண்ணாடியைப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றுதான் கீழே பிடிக்கும், மற்ற இரண்டும் பக்கத்துச் சிலேனோடு கை கோத்துக்கொள்ளும். அதனால் ஒரு வலை மாதிரி உருவாகிறது.

நீங்கள் ரெசினில் கேட்டலிஸ்ட் விட்டதும் ஸ்டைரீனும் பாலியெஸ்டரும் ஒன்றையொன்று பிடித்துக் கெட்டிப்படும் இல்லையா, அந்த ஓட்டத்தில் சிலேனின் மெத்தாக்ரைலேட் நுனியும் சேர்ந்துகொள்ளும். ஒரு கை கண்ணாடியில், ஒரு கை ரெசினில். உயிரற்ற மண்ணிலிருந்து வந்த பொருளையும் கார்பனால் ஆன பொருளையும் ஒரே சங்கிலியாகக் கோக்கிறது அந்த மூலக்கூறு. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவே இல்லை.

எவ்வளவு குறைவாகப் போதும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். 13 மைக்ரான் இழை ஒரு கிலோ எடுத்தால், அதன் மேற்பரப்பு முழுவதும் சேர்த்து சுமார் 120 சதுர மீட்டர், ஒரு நல்ல வீட்டின் தரை. அந்த மெத்தாக்ரைலேட் சிலேன் ஒரு கிராமை ஒற்றை அடுக்காக விரித்தால் 315 சதுர மீட்டர் வரை மூடும். அப்படியானால் ஒரு கிலோ இழைக்கு அரை கிராம்கூட வேண்டாம். நடைமுறையில் ஒரே அடுக்காக விழாது, சில அடுக்கு விழும். இருந்தாலும் கிராம் கணக்குதான்.

இனி தண்ணீர். உங்கள் படகு உரிந்ததற்குக் காரணம் இதுதான். ரெசின் தண்ணீரை முழுதாகத் தடுக்காது, தம்பி. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறிக்கொண்டுதான் இருக்கும். ஐந்து மாதம் கடலில் இருந்தால் இழைவரை வந்தே தீரும். வந்த தண்ணீருக்கு ரெசினைவிடக் கண்ணாடியின் மேல் ஆசை அதிகம். வெறும் கண்ணாடியாக இருந்தால் ரெசினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் துணியில் இன்னும் மோசம். ஸ்டார்ச் தானே தண்ணீரைக் குடித்து உப்பும். நீங்கள் பார்க்கும் வெள்ளை, இழைக்கும் ரெசினுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் ஒளி சிதறுவது.

சிலேன் இருந்தால் தண்ணீர் வராமல் போகாது. வந்து அந்தப் பிணைப்புகளில் சிலவற்றை வெட்டவும் செய்யும். ஆனால் வெட்டப்பட்டது அங்கேயே நிற்கிறது, பக்கத்திலேயே இன்னொரு ஹைட்ராக்சில் இருக்கிறது, மறுபடி பிணைகிறது. விட்டுவிட்டுப் பிடித்து, விட்டுவிட்டுப் பிடித்து நிலைக்கிறது. டௌ கார்னிங் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வாழ்நாளெல்லாம் சிலேனோடு வேலை செய்த எட்வின் புளூடெமன் இப்படித்தான் விளக்கினார். வேறு விளக்கங்களும் உண்டு. தொட்டியடியில் நான் பார்த்தவரை இதுதான் எனக்குப் பொருந்துகிறது.

இது பழைய பிரச்சினை. 1940களில் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டரையும் சேர்க்கத் தொடங்கியபோதே, காய்ந்த நிலையில் நல்ல வலுவாக இருந்தது ஈரத்தில் வலுவிழக்கிறது என்று கண்டுவிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் விட்டும் உடனிருந்தவர்களும் 1947இல் அமெரிக்கக் கடற்படைக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு முக்கியமான ஒப்பீடு இருக்கிறது. ரெசினோடு சேரக்கூடிய இரட்டைப் பிணைப்பு நுனியுள்ள சிலேன் பூசிய கண்ணாடி, சேர முடியாத நுனியுள்ள சிலேன் பூசியதைப்போல இரண்டு மடங்கு வலுவைக் கொடுத்தது. ஒரு முனை மட்டும் பிடித்தால் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உங்கள் கடைசிக் கேள்வி: உரிந்த இடத்தில் தடவலாமா? வேண்டாம். தடவுகிற சிலேன் கண்ணாடியைப் போய்ச் சேராது, ஸ்டார்ச்சின் மேல் உட்கார்ந்துவிடும். ஆலைகளில் இந்த ஸ்டார்ச்சை எடுக்கத் துணியை 350 டிகிரி அளவில் மணிக்கணக்கில் இல்லை, நாள் கணக்கில் வைத்து எரித்து, பிறகு சிலேன் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடியே கணிசமாக வலுவிழக்கும். பட்டறையில் புளோ லாம்ப் வைத்து இதை முயற்சி செய்ய வேண்டாம்.

முதலில் சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். மீதித் துணியில் ஒரு துண்டை நனைத்து, மருந்துக்கடை அயோடினைத் தண்ணீர் விட்டு வெளுப்பாக்கி ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச். நிறம் மாறாவிட்டால் நல்ல துணி என்று அர்த்தமில்லை, வேறு ஏதாவது பூச்சாக இருக்கலாம்.

அடுத்தது, மேட்டில் நாலு அங்குலச் சதுரம் இரண்டு, அந்தத் துணியில் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று அடுக்காகப் போட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதை இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். சமையல் பாத்திரத்தில் வேண்டாம். பிறகு வளைத்துப் பாருங்கள்.

நாகை_ஃபைபர்

அக்கா, மிக்க நன்றி. இத்தனை விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அயோடின் சொட்டு விட்டேன். மைக்கறுப்பு. பழைய ரோவிங் துண்டில் விட்டதில் அயோடின் நிறமே நின்றது.

சதுரங்கள் போட்டு வைத்திருக்கிறேன். காய்வதற்குள் இரண்டு கேள்வி. இனிமேல் பாதுகாப்புக்காக ரெசினிலேயே கொஞ்சம் சிலேன் கலந்துகொள்ளலாமா? பள்ளம் நிரப்ப ரெசினில் சாக் பவுடரோ டால்க்கோ கலந்து மக்கு போடுகிறோம். அதிலும் சிலேன் விட்டால் வலு கூடுமா?

ரப்பர்_மில்

மக்கு கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். டயர் ரப்பர் கலவைத் துறையில் இருக்கிறேன். சாக் பவுடர், அதாவது கால்சியம் கார்பனேட்டில், சிலேன் பிடிக்கத் தேவையான ஹைட்ராக்சில் கிட்டத்தட்ட இல்லை. காசு வீண். அதற்கு ஸ்டியரிக் அமிலம் பூசிய வகை தனியாக வருகிறது. டால்க் ஒரு சிலிகேட், ஆனால் அதன் ஓரங்களில்தான் ஹைட்ராக்சில் இருக்கிறது, ஓரளவு பிடிக்கும். நன்றாகப் பிடிப்பது சிலிக்காதான்.

எங்களிடம் சிலிக்காவையும் ரப்பரையும் இணைக்க, இரு முனையிலும் எத்தாக்சியும் நடுவில் நான்கு கந்தக அணுவும் உள்ள சிலேன் போடுகிறோம். மிக்சரில் 145 டிகிரி பக்கம் வரும்போது எத்தாக்சி பிரிந்து சாராய வாசம் அடிக்கும். அது வந்தால் சிலிக்காவோடு சேர்கிறது என்று தெரியும். 160ஐத் தாண்டவிட்டால் கந்தகம் முன்கூட்டியே வேலையைத் தொடங்கி, கலவை மிக்சருக்குள்ளேயே கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். 1992இல் மிஷ்லின் கொண்டுவந்த எரிபொருள் சேமிக்கும் டயருக்குப் பின்னால் இருப்பதும் இந்தச் சேர்க்கைதான்.

பல்_லேப்

நான் பல் ஆய்வகத்தில் பீங்கான் வேலை செய்கிறவள். அக்கா சொன்ன அதே மெத்தாக்ரைலேட் சிலேன்தான் எங்கள் மேஜையிலும் சின்னப் பாட்டிலில் இருக்கிறது. பீங்கானை ஹைட்ரோஃபுளூரிக் அமில ஜெல்லால் அரித்துக் கழுவி, சிலேன் தடவி, ஒரு நிமிடம் விட்டு, காற்றடித்து உலர்த்தி, பிறகு ரெசின். அந்த அமிலம் மிக ஆபத்தானது, வேறு யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பாட்டிலில் இருப்பது கலங்கினால் நாங்களும் தூக்கிப் போடுகிறோம். ஏன் என்பது இன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

ஒன்று சேர்க்கிறேன். சிர்கோனியாப் பல் பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் சிலிக்கா இல்லை. சிலேன் மட்டும் தடவினால் நிற்காது, பாஸ்ஃபேட் நுனியுள்ள வேறு பொருள் வேண்டும். பல் அடைக்கும் வெள்ளைக் கலவையும் உங்கள் படகு மாதிரிதான். சிலேன் பூசிய சிலிக்காத் தூளை ரெசினில் சேர்த்து அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ரஃபேல் போவன் உருவாக்கியது, 1962இல் காப்புரிமை. வாயும் எந்நேரமும் ஈரம்தானே.

சைசிங்_அக்கா

இரண்டு பேருக்கும் நன்றி. சிர்கோனியா விஷயம் எனக்குப் புதிது.

தம்பி, ரெசினில் கலப்பது உண்டு. ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ கலந்தால், கெட்டிப்படுவதற்குள் கொஞ்சம் மூலக்கூறு நகர்ந்து கண்ணாடியைச் சேரும். ஆனால் முன்கூட்டியே பூசியதற்கு ஈடாகாது. நல்ல மேட்டில் ஏற்கனவே இருப்பதால் உங்களுக்குத் தேவையும் இல்லை. அந்தப் பணத்தைத் தரமான மேட்டுக்கும், தண்ணீரை நன்றாகத் தாங்கும் பாலியெஸ்டர் வகையான ஐசோ ரெசினுக்கும் போடுங்கள். வாங்கும்போது பாலியெஸ்டருக்கு ஏற்ற சைஸா என்று கேளுங்கள், ரோல் உறையில் அச்சடித்திருப்பார்கள்.

பழைய அடுக்கின் மேல் புது அடுக்கு ஒட்டுவது சிலேன் வேலை இல்லை, அது சொரசொரப்பின் வேலை. துணி போட்ட இடம் முழுவதையும், நன்றாக இருப்பதாகத் தெரிகிற ஓரத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஓரத்தை ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவாக, அதாவது தடிமனைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரித்து, தேயுங்கள். ஈரம் போகக் காயவிட்டு, அசிட்டோன் துடைத்து, முதல் அடுக்கு மேட்டாகவே இருக்கட்டும். தேய்க்கும்போது முகமூடி போடாமல் நிற்காதீர்கள். ரெசின் சீக்கிரம் கெட்டிப்படக் கலக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது, வெடிக்கும். உங்களுக்குத் தெரியும், உதவிக்கு நிற்கும் பையனுக்கும் சொல்லியிருக்கிறீர்களா?

நாகை_ஃபைபர்

அக்கா, நேற்று கொதிக்க வைத்தேன், பட்டறைக்குப் பின்னால் பழைய பெயிண்ட் டப்பாவில். கொதிக்க வைக்காத சதுரங்கள் இரண்டுமே கையால் வளைக்க முடியாத அளவுக்கு இருந்தன. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, நானும் ஐப்பசியில் அப்படித்தான் ஏமாந்தேன். கொதித்ததில் மேட் சதுரம் ஓரம் லேசாக மங்கியது, அவ்வளவுதான். துணிச் சதுரம் அரைமணியிலேயே வெளுக்க ஆரம்பித்து, எடுத்தபோது படகில் பார்த்த அதே நெசவு வெள்ளை. வளைத்ததும் மூன்று அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்தது.

நாலு சதுரத்தையும் படகுக்காரரிடம் காட்டினேன். கொதித்த துணியைத் தானே பிய்த்துப் பார்த்தார். "முழுசா எடுத்துடு, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை" என்றார். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பின்பலகையில் இன்று காலை தேய்க்கத் தொடங்கிவிட்டோம். பையனுக்கு கோபால்ட் விஷயத்தைத் திரும்பச் சொல்லியாகிவிட்டது, முகமூடியும் வாங்கிவிட்டேன். மீதி ரோலை பாய்லர் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அது சரியான துணி.